இரண்டு படகுகளுக்கு இடையில் ஒரு தீவு

சில ஆண்டுகளுக்கு முன், தென்கொரியாவின் இன்சியோன் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்காகப் பல மணித்தியாலங்கள் காத்திருக்க நேர்ந்தது. அவ்வாறு காத்திருப்போரை வழிகாட்டியொருவருடன் வெளியே அழைத்துச் சென்று, நேரத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடும் இலவச ஏற்பாடு அங்கு உண்டு. நானும் சென்றேன். அன்று பார்த்த கட்டடங்கள் மறந்துவிட்டன. கொரியப் போரில் தன் பாட்டி வடக்கிலிருந்து நடந்தே வந்த கதையை வழிகாட்டிய பெண் சொன்னது மட்டும் மறக்கவில்லை.

அண்மையில் நெடுந்தீவில் நின்றபோது அந்தப் பெண் நினைவுக்கு வந்தார்.

குறிகாட்டுவானில் காலைப் படகேறி மாவிலித்துறையில் இறங்கினேன். திரும்பும் படகு பிற்பகலில். இடைப்பட்ட நேரத்துக்கு ஓட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவர் வழிகாட்டியானார்.

"இறங்கின உடனே எல்லாரும் கேக்கிறது குதிரை எங்க நிக்குது எண்டுதான், ஐயா" என்றார் சிரித்தபடி.

நான் வெட்கப்பட்டேன். முப்பதாண்டு காலப் பத்திரிகைத் தொழிலில், நெடுந்தீவு என்றாலே குதிரையைத் தலைப்பில் கட்டியவர்களுள் நானும் ஒருவன்.

குதிரைகளைப் பார்த்தோம். போர்த்துக்கேயர் கோட்டையின் இடிபாடு, தூதுப் புறாக்களுக்கான கூடு, பெருக்குமரம், சாந்தின்றி அடுக்கப்பட்ட முருகைக்கல் வேலிகள் ஆகியவற்றையும் பார்த்தோம். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை எமது தீவுகளுக்குச் சூட்டினர். ஊர்காவற்றுறை லைடன் ஆயிற்று, காரைநகர் ஆம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். அவையெல்லாம் உதிர்ந்துபோக, டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் நெடுந்தீவில் ஒட்டிக்கொண்டது. இவை எந்தக் கைநூலிலும் கிடைக்கும்.

கைநூலில் கிடைக்காதவற்றை அவர் இடையிடையே சொன்னார். சாறாப்பிட்டியின் நன்னீர்க் கிணறுகளைப் பற்றிச் சொன்னார். தீவின் பெரும்பகுதியில் நிலத்தடி நீர் உவர் என்பதால், கோடையில் தவிப்பது குதிரைகள் மட்டுமல்ல என்றார். கூரையற்ற வீடுகளைக் காட்டி, இந்த வீட்டார் கனடாவில், அந்த வீட்டார் வவுனியாவில் என்று கணக்குச் சொன்னார். இறங்குதுறைக்குச் சமீபத்திலுள்ள குமுதினி நினைவுத்தூபியின் முன் பேச்சை நிறுத்தினார். 1985 மே 15 அன்று, இத்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளுமாகப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். குறைந்தது 23 பேர் என்றது சர்வதேச மன்னிப்புச் சபை. ஊரார் சொல்லும் தொகை அதிலும் கூடுதல்.

"இதையும் எல்லாருக்கும் காட்டுவீரா, தம்பி?" என்றேன்.

"கேட்டாத்தான் காட்டுவன். சந்தோசமாய் வாற சனம், ஐயா."

இந்தப் பதிலே இக்கட்டுரையை எழுத வைத்தது. சுற்றுலாவுக்கு வருவோரிடம் துயரம் பேசுவது தொழிலுக்கு ஆகாது என்பார் உளர். அக்கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. அவரும் பிழைக்க வேண்டும். ஆனால், ஓர் ஊரைச் சுற்றிக் காட்டுவோர் தம் வாழ்வை மறைத்து, அந்நியர் விட்டுச்சென்ற கற்களை மட்டும் காட்டும்படி ஆகுமானால், அந்தச் சுற்றுலாவால் ஊருக்கு என்ன பயன்? இன்சியோனில் அந்தப் பெண் சொன்ன கதை எம் பயணத்தைக் கெடுக்கவில்லை; அதுவே பயணத்தின் பொருளாயிற்று.

தீவகத்தை அபிவிருத்தி செய்யும் பேச்சுக்குக் குறைவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான மின்திட்டத்துக்குச் சீனாவும் இந்தியாவும் போட்டியிட்டன; இறுதியில் 2024 மார்ச்சில் இந்திய உதவியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. நல்லது. அத்துடன் அதிகச் செலவில்லாத சில காரியங்களும் நடக்கலாம். தீவின் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் சான்றிதழும் வழங்கலாம். கட்டணத்தை இறங்குதுறையில் எழுதி வைக்கலாம். பெயர்ப்பலகைகளில் ஒல்லாந்தரின் வரலாற்றோடு ஊரவரின் வரலாற்றையும் எழுதலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, படகுச் சேவையை உல்லாசப் பயணியின் வசதிக்கன்றி, அங்கு வாழ்வோரின் தேவைக்கு ஏற்ப அமைக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதன் காரணத்தையும் அவரே விளக்கினார். புறப்படும் நேரம் நெருங்கவும் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பதறினேன். வைத்தியசாலைப் பக்கமாகக் கையை நீட்டி, அமைதியாகச் சொன்னார்:

"படகு தவறினா உங்களுக்கு ஒரு நாள்தான் நட்டம், ஐயா. இரவில ஒராளுக்குக் கடுமையாகி, யாழ்ப்பாணம் கொண்டுபோகப் படகு கிடையாட்டி, எங்களுக்கு அது உயிர்."

படகு வந்தது. நான் ஏறினேன். அவர் துறையிலேயே நின்றார். எனக்கு அந்தத் தீவு இரண்டு படகுகளுக்கு இடைப்பட்ட சில மணித்தியாலங்கள். அவருக்கோ அதுதான் ஊர். அங்கே செல்லவிருக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: குதிரைகளைப் பாருங்கள், தவறில்லை. ஆனால், வழிகாட்டுபவரிடம் அவருடைய கதையையும் கேளுங்கள். கேட்டால்தான் காட்டுவார்.