நிலத்தை அடமானம் வைக்கும் முன்



"பொண்ணு நர்சிங் முடிச்சிட்டா, லண்டன்ல எம்.பி.எச். சேர்த்துடலாமா?" நம் மாரண்டஹள்ளியிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் இப்படிப் போன் வந்துகொண்டே இருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் பணம். பிரிட்டனில் எம்.பி.எச். என்னும் பொது சுகாதார முதுகலை ஓராண்டுப் படிப்புதான். ஆனால் கட்டணம், வாடகை, சாப்பாடு, விசா எல்லாம் சேர்ந்தால் 35 லட்சம் ரூபாயைத் தாராளமாகத் தொடும். அதைப் பத்து சதவீத வட்டிக்கு 15 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 37,600 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. இவ்வளவு பெரிய கடனுக்கு வங்கி பெரும்பாலும் சொத்தை ஈடு கேட்கும். நம் பக்கத்தில் சொத்து என்றால் தக்காளி போடும் அந்த இரண்டு ஏக்கர்தானே!

அடுத்து வேலை. எம்.பி.எச். படித்தால் டாக்டராக முடியாது. தமிழக அரசில் சுகாதார ஆய்வாளராக, பிளஸ் டூவுக்குப் பின் படிக்கும் இரண்டாண்டுப் பயிற்சி வேண்டும். அரசின் பொது சுகாதார மருத்துவ அலுவலராக எம்.பி.பி.எஸ். வேண்டும். எம்.பி.எச்.சுக்கு ஆராய்ச்சி நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் அரசுத் திட்டங்களிலும் இடம் உண்டு. அவற்றில் பல ஒப்பந்த வேலைகள். பிரிட்டனிலேயே நீண்ட காலம் தங்க வேண்டுமானால், விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி கிடைக்க வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரியில் சேர்த்துவிடும் ஏஜென்ட் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

ஆனாலும் இந்தப் படிப்பு நம் மாவட்டத்துக்குத் தேவை. போர் தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்து, பிள்ளைகளின் பல்லில் கறை ஏறியதும் பெரியவர்களின் எலும்பு வளைந்ததும் நமக்குத் தெரியும். தண்ணீரைக் காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். எந்த மருந்தும் அந்தக் கறையைத் தடுத்திருக்காது. மாற்றுக் குடிநீரே தீர்வு என்று 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. எந்தக் கிணற்றில் எவ்வளவு, யாருக்குப் பாதிப்பு என்று அளந்து சொல்வதே இந்தப் படிப்பின் வேலை. அதன் மதிப்பு சம்பளச் சீட்டில் முழுதாகத் தெரியாது.

அதனால் என் யோசனை இது. நிலத்தைத் தொடாதீர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1997 முதல் எம்.பி.எச். நடக்கிறது, எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்குச் சென்னை தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டுச் செலவில் சிறு பங்குதான் அங்கே ஆகும். இல்லையென்றால், உங்கள் பிள்ளை முதலில் இரண்டாண்டு களத்தில் வேலை பார்க்கட்டும். நம் மாவட்டத்துச் சிட்டிலிங்கியில் 1993 முதல் பழங்குடி மக்களிடையே நடக்கும் மருத்துவப் பணியைப் போய்ப் பார்க்கட்டும். பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கும் இரண்டாண்டு அனுபவம் கேட்கிறார்கள். அது கிடைத்தால் கட்டணமும் தங்கும் செலவும் அவர்களுடையது.

எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டும் முன், போன வருடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லாத இடத்தில் உங்கள் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

அன்புடன்,
லண்டனிலிருந்து உங்கள் ஊர்ப்பிள்ளை