வாசலில் ஒரு பூசணி

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31ஆம் தேதி வந்தது நினைவிருக்கிறதா? பூன் லேயில் எங்கள் வீட்டில் அது பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. ஒன்பது வயது மகளுக்கு வாசலில் கண், மூக்கு, பல் செதுக்கிய பூசணி வேண்டும். அம்மாவோ, “நல்ல நாளும் அதுவுமா, விளக்கு வைக்கிற இடத்துல பேய்த் தலையா?” என்றார்.

நான் மகள் பக்கம் சாய்ந்தேன். 26ஆம் தேதி சனிக்கிழமை இருவரும் பூன் லே பிளேஸ் ஈரச்சந்தைக்குப் போனோம். அங்கே பூசணியைப் பெரும்பாலும் துண்டு போட்டுத்தான் விற்பார்கள். முழுசாகக் கேட்டதும் கடைக்கார மக்சிக், “வீட்டில் விருந்தா?” என்றார்.

நம் சந்தைப் பூசணி சமையலுக்கானது. தோல் கெட்டி, சதை தடிமன். செதுக்குவதற்கென்றே மேல்நாட்டில் வளர்க்கும் பூசணி அப்படியல்ல, உள்ளே கூடாக இருக்கும். சமையல் கத்தி வழுக்கி என் கட்டைவிரலைப் பதம் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. பல் வைத்த சிறு கத்தியால் மெல்ல அறுக்க வேண்டும். மூடியை மேலே வெட்டாமல் அடியில் வெட்டினால் விளக்கின் மேல் அப்படியே கவிழ்த்து வைக்கலாம். முகம் வரும் பக்கத்தை உள்ளிருந்து கரண்டியால் ஒரு விரல் கனத்துக்குச் சுரண்டிவிட்டால் கண்ணும் பல்லும் சுலபமாக வரும். மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரி விளக்கு போதும். சுரண்டிய சதை அன்றிரவே பால்கூட்டானது. விதைகளை நான் குப்பையில் போடப் போக, அம்மா பிடுங்கிக் காயவைத்தார்.

திங்கட்கிழமை உள்ளே வெள்ளைப் பூஞ்சை. செவ்வாயன்று வாய் உள்ளே போய், பொக்கைவாய்த் தாத்தாவாகிவிட்டது. குளிர்நாட்டு வேலையை நம் புழுக்கத்தில் ஐந்து நாள் முன்னதாகவே செய்தது என் தவறு. மகள் அழுத அழுகை!

“அறுத்தா அழுகத்தான் செய்யும். அறுக்காம வரையணும்” என்றார் அம்மா.

புதன்கிழமை தேக்காவிலிருந்து ஒரு வெள்ளைப் பூசணி வந்தது. ஊரில் புது வீடு கட்டும்போது கண்ணேறு படாமலிருக்க முன்னால் தொங்குமே, உருட்டு விழியும் முறுக்கு மீசையுமாக, அதே முகம். பாட்டி கறுப்பு மையில் விழி வரைய, பேத்தி சிவப்பில் நாக்குத் தீட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான்கு நாளாகப் பேய்த் தலை கூடாதென்று சொன்னவர் இவர்தான்!

அயர்லாந்துக்காரர்களும் முதலில் பூசணியைச் செதுக்கவில்லை. டர்னிப் கிழங்கில்தான் கோர முகம் வெட்டினார்கள். டோனிகாலில் செதுக்கிய ஒன்றின் வார்ப்பு அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது. அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள்தான் பூசணிக்கு மாறினார்கள். எதில் வெட்டினாலும் வேலை ஒன்றுதான், கெட்டதை வாசலோடு விரட்டுவது. இதை அம்மாவிடம் சொன்னேன். “அப்ப அவங்களுக்கும் திருஷ்டி உண்டுன்னு சொல்லு” என்றார்.

தீபாவளி இரவு விளக்குகளுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது. மிட்டாய் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மா முறுக்கு கொடுத்தார். அவர்கள் பூசணியை விட்டு நகரவே இல்லை.

பொங்கல் வரை அழுகவில்லை, மீசை மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது. மோர்க்குழம்பு வைக்கலாமா என்று கேட்டேன். அம்மா பார்த்த பார்வை, அந்தப் பூசணியின் பார்வையேதான்.