அம்மை கண்ட மாட்டுக்கு டானிக் போதுமா?

தோல் கழலை நோய் கண்ட மாட்டுக்கு எந்த டானிக் நல்லது என்று கறவை மாடு வைத்திருப்போர் பலரும் கேட்கிறார்கள். நோய் வருமுன் மாடு என்ன தின்றது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

நச்சுயிரி உடலில் புகுந்ததும் வெள்ளை அணுக்கள் அதை அழிக்க வீரியமிக்க ஆக்சிஜன் பொருள்களை உண்டாக்குகின்றன. இவை அளவு மீறினால் மாட்டின் சொந்தத் திசுக்களையே அரிக்கும். அடுப்பு நெருப்பு கூரையில் பற்றுவது போலத்தான். அதைத் தணிப்பவை வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், செலினியம் முதலியன. சளிக்காய்ச்சல் கண்ட குதிரைக்கும் கறவை மாட்டுக்கும் இந்த விதி ஒன்றே.

முதல் இரண்டும் பசுந்தீவனத்தில் ஏராளம். காய்ந்த வைக்கோலில் அநேகமாக இல்லை. சுங்குவார்சத்திரம் சுற்றுப்புறத்தில் தொழிற்சாலைகள் பெருகி மேய்ச்சல் நிலம் சுருங்கியதால், பல வீடுகளில் வைக்கோலும் தவிடுமே தீவனம். அத்தகைய மாடு நோயைத் தாங்கும் சக்தியில் பின்தங்கியே நிற்கும்.

ஆகவே 10 சென்ட் நிலமாவது தீவனத்துக்கு ஒதுக்குங்கள். கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நட்ட 75-ஆம் நாளிலும், பின்னர் 45 நாளுக்கு ஒரு முறையும் அறுக்கலாம். பாசனம் இருந்தால் ஒரு மாட்டுக்குப் போதும். வரப்பில் வேலிமசால், அகத்தி வையுங்கள். கறவை மாட்டுக்குத் தினமும் 15 முதல் 20 கிலோ புல்லும், 5 கிலோ பயறுவகைத் தழையும் கொடுக்கலாம்.

சத்து எதுவும் நச்சுயிரியைக் கொல்லாது என்பதை மறக்க வேண்டாம். இந்தியாவில் 2019-இல் ஒடிசாவில் முதலில் காணப்பட்ட இந்நோய், 2022-இல் ராஜஸ்தான், குஜராத்தில் ஏராளமான மாடுகளைப் பலி கொண்டது. அவ்வாண்டே ஹிசாரிலுள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையம், இந்திய கால்நடை ஆராய்ச்சி நிலையத்துடன் சேர்ந்து மாடுகளுக்கெனத் தடுப்பூசி ஒன்றை உருவாக்கியது. அதற்கு முன்பிருந்தே ஆட்டம்மைத் தடுப்பூசி மாடுகளுக்குப் போடப்பட்டு வருகிறது. நான்கு மாதத்துக்கு மேற்பட்ட, நோயில்லாத மாடுகளுக்கு முகாமில் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டி, ஈ, கொசு, உண்ணியை ஒழியுங்கள்.

செலினியம் கலந்த ஊசியை மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள். அளவு மிஞ்சினால் அது நஞ்சு. டானிக்குக்குச் செலவிடும் பணத்தில் புல் கரணை வாங்கி, மழைக்கு முன் நடுவதே ஆதாயம். கரணைக்கும் ஆலோசனைக்கும் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.