குளத்து மீனைக் கொக்கிடமிருந்து காப்பது எப்படி?



லயத்து வீட்டுக்குப் பின்னால் சிறு குளம் வெட்டி, 100 திலாப்பியாக் குஞ்சுகளை வாங்கி விட்டவர்களுக்கு அந்தக் குளத்தின் அருமை தெரியும். சந்தையில் மீன் விலை ஏறினாலும் பிள்ளைகளின் தட்டில் ஒரு துண்டு மீன் விழும் என்ற தைரியம் அது. ஆனால் இரண்டு மாதம் கழித்து வலையைப் போட்டால் பாதி மீனைக் காணோம். கரையில் ஒரு வெள்ளைக் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிறது. கோபம் வராமல் என்ன செய்யும்?

கல்லை எடுக்குமுன் களவாண்டது யார் என்று பாருங்கள். சேற்றில் மூன்று நீள விரல் முன்னும் ஒன்று பின்னுமாகப் பதிந்திருந்தால் அது கொக்கு. தப்பிய மீனின் முதுகில் குத்துக்காயமும் இருக்கலாம். குஞ்சு மீன் மட்டும் குறைந்து, பகலில் நீலச் சிறகு பளிச்சிட்டால் மீன்கொத்தி. அந்தி மயங்கியபின் வருவது இராக்கொக்கு. சேற்றில் வாலை இழுத்த கோடு இருந்தால் உடும்பு. கரையில் மீன் துண்டுகள் சிதறிக் கிடந்தால் நீர்நாயாக இருக்கலாம். கொக்குக்குச் செய்யும் காவல் உடும்புக்கு உதவாது.

சரி, பறவைதான் என்று தெரிந்துவிட்டது. அது ஏன் உங்கள் குளத்தைத் தேடி வருகிறது? கொக்கு நீந்திப் பிடிப்பதில்லை. ஆழமில்லாத ஓரத்தில் இறங்கி, அசையாமல் நின்று, எட்டும் மீனைக் கொத்துகிறது. மீன்கொத்தியோ ஒரு கிளையிலோ கம்பியிலோ உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பாய்கிறது. ஒன்றுக்கு நிற்க இடம் வேண்டும், மற்றதற்கு உட்கார இடம் வேண்டும். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆகவே முதலில் மண்வெட்டியை எடுங்கள். சரிவான கரையைச் செங்குத்தாக வெட்டி, ஓரத்திலேயே இரண்டடி ஆழம் இருக்கும்படி செய்யுங்கள். நீர்மட்டம் கரைக்கு அரையடியாவது கீழே இருக்கட்டும். குளத்தின்மேல் நீண்டிருக்கும் கிளைகளை வெட்டுங்கள். துணி காயப்போடும் கயிறு குளத்தின்மேல் போனால் இடம் மாற்றுங்கள்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டடி நீர் கைக்குழந்தையின் உயிரைக் குடிக்கப் போதும். கரையை ஆழமாக்கும் அன்றே சுற்றிலும் தகரமோ கம்பிவலையோ அடித்து, கொக்கி போட்ட கதவும் வையுங்கள். மீனுக்குக் காவல் போட்டுவிட்டுப் பிள்ளையை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, கயிறு. கொக்கு பெரும்பாலும் கரையில் இறங்கி நடந்துதான் தண்ணீருக்கு வரும். குளத்தைச் சுற்றி முளை அடித்து, தரையிலிருந்து 8 அங்குலத்தில் ஒன்றும் 14 அங்குலத்தில் ஒன்றுமாக இரண்டு கயிறு கட்டுங்கள். குளத்தின் மேலேயும் ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கயிறு இழுக்கலாம். வலை போடுவதானால் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். தொங்கும் மெல்லிய நைலான் வலையில் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும். கண்ணுக்குத் தெரியும் கயிறே நல்லது. தூண்டில் நரம்புதான் கிடைத்தது என்றால் அங்கங்கே துணிக் கிழிசல் கட்டுங்கள்.

மூன்றாவது, மீன் ஒளிய இடம். மூங்கில் துண்டு, உடைந்த பிவிசி குழாய், தென்னை மட்டை எதுவானாலும் அடியில் போட்டு வையுங்கள். கங்கோங் கீரையை ஓரத்தில் மிதக்க விட்டால் மீனுக்கு நிழல், வீட்டுக்குக் கறி. ஆனால் செடி குளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இரவில் செடியும் பாசியும்கூட நீரிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும்.

விடியற்காலையில் திலாப்பியா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதற்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். அந்த நேரம் கொக்குக்கு விருந்து. தீனியைக் குறைத்து, நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை நேரே விடாமல், ஒரு நாள் திறந்த தொட்டியில் வைத்து ஊற்றுங்கள். கெளுத்தி வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டாம். காற்றை விழுங்க மேலே வருவது அதன் குணம். அதனால்தான் அதற்கு நிழல் இன்னும் அதிகம் தேவை.

தீனியைப் பறவை நடமாடும் கருக்கலில் போடாமல், வெயில் ஏறியபின் வீட்டில் ஆள் இருக்கும்போது போடுங்கள். வாங்கி வந்த குஞ்சுகளைக் கொசுவலைக் கூண்டில் விட்டு, விரல் நீளம் வளர்ந்தபின் குளத்தில் விடுங்கள். சோளக்கொல்லைப் பொம்மையும் பழைய சிடி தட்டும் சில நாளைக்குத்தான் பயங்காட்டும். இடம் மாற்றாமல் விட்டால் கொக்கு பொம்மையின் தலையிலேயே உட்காரும்.

கண்ணி வைக்கவோ விஷம் கலந்த மீன் போடவோ யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த விஷம் நாய்க்கும் கோழிக்கும் போகும். குளத்தில் கலந்தால் உங்கள் சோற்றுக்கும் வரும். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட பல பறவைகளைக் காக்கிறது. மீறினால் அபராதமும் சிறையும் உண்டு. நாலு மீனுக்காகச் சம்பளக் காசை நீதிமன்றத்தில் கட்ட வேண்டுமா?

செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்க ஆந்தைக்குப் பெட்டி வைத்து வளர்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பறவை நமக்குப் பகையில்லை என்பதைத் தோட்டக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கப் போவதைவிட, வருகிற ஓய்வு நாளில் கரையை வெட்டி, வேலியடித்து, இரண்டு கயிறும் கட்டிவிடுங்கள். கொக்கு வயலுக்கோ ஓடைக்கோ போய்ப் பிழைத்துக்கொள்ளும். உங்கள் மீன் உங்கள் சட்டிக்கு வரும்.