பூட்டுப் போட்ட பரிசு

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் கொண்டு வரும் செல்போனைப் பற்றித் தோழிகளிடம் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும்.

போன வருடம் அமெரிக்காவிலிருந்து வந்த என் நாத்தனார், "அண்ணி, இது உங்களுக்குத்தான்" என்று தான் வைத்திருந்த ஐபோனைக் கொடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பழைய போனை அன்றைக்கே பெரியவன் எடுத்துக்கொண்டான். இரண்டே நாளில் கீழே போட்டு உடைத்தும் விட்டான். அவள் விமானம் ஏறிய பிறகு என் சிம்மைப் போட்டுப் பார்த்தால், இந்த சிம் செல்லாது என்று வருகிறது!

மேற்கு தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். "அக்கா, இது லாக் போன். அந்த ஊர் கம்பெனி சிம் மட்டும்தான் எடுக்கும்" என்றார் கடைத் தம்பி. அங்கெல்லாம் செல் கம்பெனியே போனைத் தவணையில் கொடுக்கிறதாம். கடன் தீரும் வரை வேறு சிம் ஏறாதபடி பூட்டு. பக்கத்துக் கடையில் 1,500 ரூபாய் கொடுத்தால் திறந்து தருவதாகச் சொன்னார்கள். நல்லவேளை, கொடுக்கவில்லை. விற்ற கம்பெனிதான் அதை முறைப்படி திறக்க வேண்டும்.

வீட்டில் சொன்னால், "வைஃபைதான் இருக்கே, யூடியூப் பார்க்கலாமே, உனக்கு வேற என்ன?" என்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்த வாரம் சின்னவளுக்குப் பள்ளியில் காய்ச்சல். எனக்கு மூன்று தடவை போன் போட்டிருக்கிறார்கள். நான் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன், பேசாத போன் கூடைக்குள் கிடந்தது. அவருக்குப் போட்டால், மீட்டிங்கில் இருந்ததால் எடுக்கவில்லை. குழந்தை மதியம் இரண்டு மணி வரை டீச்சர்கள் அறையில் சுருண்டு கிடந்திருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி அவர் எதுவும் பேசவில்லை. மறுநாள் தங்கைக்கு அவரே போன் போட்டார். அவள் பாக்கித் தவணையைக் கட்டி, அவள் கம்பெனி பூட்டைத் திறந்துவிட 12 நாள் ஆனது.

வீட்டில் இருப்பவளுக்கு எந்தப் போனாயிருந்தால் என்ன என்கிற நினைப்புதான் எனக்கு ஆறவில்லை. பள்ளிக்கூடம், கேஸ், பேங்க் ஓடிபி எல்லாம் யார் நம்பருக்கு வருகிறது?

நம் ஊரில் போனைத் தனியாக வாங்கி, சிம்மைத் தனியாகப் போட்டே பழகிவிட்டோம். அதனால்தான் 2018 பிப்ரவரியில் ஏர்செல் முடங்கியபோது, அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறினோம். யாரும் போனைத் தூக்கிப் போடவில்லை. இங்கேயும் விதிவிலக்கு உண்டு. 2017-ல் வந்த ஜியோபோனில் ஜியோ சிம் மட்டும்தான் போடலாம். ஆனால் குறைந்த விலைக்குத் தெரிந்தே வாங்கினோம், அது வேறு. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் இங்கிலாந்தில் 2021 டிசம்பரிலிருந்தும் போனைப் பூட்டி விற்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. அமெரிக்காவில் இன்னும் இந்த வழக்கம் இருக்கிறது.

ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய் 'கேரியர் லாக்' என்ற இடத்தைப் பாருங்கள். 'நோ சிம் ரெஸ்டிரிக்ஷன்ஸ்' என்றிருந்தால் பூட்டு இல்லை. இன்னொன்று, 2022-ல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்பவற்றில் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். நம் கம்பெனியில் இ-சிம் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த ஊர்ப் போனானாலும் நம் கம்பெனியின் அலைவரிசையை அது எடுக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டு இல்லாவிட்டாலும் அது பொருந்தாமல் சிக்னல் சரியாக வராது.

வருகிற மார்கழியில் நாத்தனார் மறுபடி வருகிறாள், மாமியாருக்கு ஒரு போனோடு. "தவணை கட்டி, பூட்டைத் திறந்து, அங்கேயே வேற கம்பெனி சிம் போட்டுப் பார்த்துட்டுக் கொண்டு வாம்மா" என்று இப்போதே சொல்லிவிட்டேன். சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை, தன் பட்டன் போனை யாருக்கும் கொடுக்காமல் பீரோவில் எடுத்து வைத்துவிட்டார்.

— ஒரு வாசகி, சேலையூர்