அபராதம் கட்டினால் ஊற்று திரும்புமா?

மலை நிலத்தில் விதியை மீறி எழுப்பிய கட்டடத்துக்கு ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு அதை வரன்முறைப்படுத்துவது சரியா என்ற கேள்வி நீலகிரி மாவட்டத்தில் நெடுநாளாக இருந்து வருகிறது. இது நகரமைப்புத் துறையின் விவகாரம் என்று விவசாயிகள் ஒதுங்கிவிடக் கூடாது. மேட்டில் நடக்கும் தவறுக்குப் பள்ளத்தில் பயிர் செய்பவரே விலை கொடுக்கிறார்.

கூடலூர் வட்டத்திலுள்ள தேவர்சோலைப் பகுதியின் நில அமைப்பைப் பார்த்தாலே இது விளங்கும். மேட்டில் தேயிலை, சரிவில் காப்பியும் மிளகும், அடியில் வயல். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. அந்த நீரை வாங்கித் தேக்கி, கோடையில் ஓடைக்கும் கிணற்றுக்கும் சிறுகச் சிறுகக் கொடுப்பது வயல்தான். அது வெறும் நெல் விளையும் நிலம் அல்ல. ஊரின் தண்ணீர்த் தொட்டி.

சரிவை இயந்திரத்தால் வெட்டிச் சமன் செய்தால் மேல் மண்ணுக்கு இருந்த தாங்கல் போய்விடுகிறது. வெட்டிய மண்ணைக் கீழே தள்ளுவதால் தேயிலைத் தோட்டத்தின் வடிகால்கள் அடைபடுகின்றன. கூரையிலும் முற்றத்திலும் விழும் மழை நிலத்தில் இறங்காமல் ஒரே பாய்ச்சலாக ஓடி, சரிவை அரித்து, வயலில் வண்டலைக் கொட்டுகிறது. மழையில் வெள்ளம், மாசியில் வறண்ட ஊற்று. இரண்டும் ஒரே தவறின் விளைவுகள். 2009 நவம்பரில் இம்மாவட்டத்தில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியாது. அதற்குப் பெருமழை காரணம். ஆனால் வெட்டப்பட்ட சரிவு பெருமழையைத் தாங்காது என்பதும் உண்மை.

விதிகளுக்குக் குறைவில்லை. மலைப் பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990இல் அமைந்தது. மலை நகரங்களுக்கான கட்டட விதிகள் 1993இல் வந்தன. கட்டடத்தின் உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் உண்டு. குறை இருப்பது, மீறிய பிறகு செய்துகொள்ளும் சமரசத்தில்.

சமரசம் எப்படி நீளும் என்பதற்குச் சென்னை சாட்சி. மீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த, நகரமைப்புச் சட்டத்தில் 1998இல் 113-அ பிரிவு சேர்க்கப்பட்டது. கன்ஸ்யூமர் ஆக்ஷன் குரூப் என்ற நுகர்வோர் அமைப்பு எதிர்த்து வழக்காடியது. ஒரு முறை மட்டும் என்ற அளவில் உச்ச நீதிமன்றம் 2000இல் அதை ஏற்றது. அதன் பின்னும் கெடு மீண்டும் மீண்டும் நீட்டப்பட்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகள் செல்லாது என்றது. ஒரு முறை என்று திறந்த கதவு தானாக மூடுவதில்லை.

தேவர்சோலைக்கு அருகிலேயே மற்றொரு பாடம் உண்டு. மசினகுடிப் பகுதியின் யானை வழித்தடத்தில், வீடு என்று அனுமதி பெற்று விடுதியாக நடத்தப்பட்ட கட்டடங்களும் இருந்தன. அனுமதியில்லாத விடுதிகளுக்கு முத்திரையிட 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 அக்டோபர் 14இல் வழித்தட அறிவிப்பையும் உறுதி செய்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1969ஆம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னும் உரிமை தீராத நிலங்கள் கூடலூர் வட்டத்தில் உள்ளன. அங்கே பட்டா இல்லாமல் ஓரறை வீட்டில் வாழும் தொழிலாளியும், சரிவைக் குடைந்து விடுதி கட்டுபவரும் ஒன்றல்ல. முன்னவருக்கு வேண்டியது நில உரிமைத் தீர்வு. பின்னவருக்குச் சலுகை வேண்டியதில்லை. ஏழையின் பெயரைச் சொல்லிப் பெரியவர் தப்பிவிடக் கூடாது.

சமரசத்தை எதிர்க்கும் மக்களை வளர்ச்சிக்கு விரோதிகள் என்பது நியாயமல்ல. பணம் கருவூலத்துக்குப் போகிறது. மண் மட்டும் வயலுக்கு வருகிறது. நஷ்டம் அடைபவர் பேச்சுவார்த்தையில் இல்லை என்பதே அவர்களது முறையீடு. ஆகவே மூன்று நிபந்தனைகள் அவசியம். ஓடையிலோ வயலிலோ நிற்கும் கட்டடத்தை எக்காரணம் கொண்டும் வரன்முறைப்படுத்தக் கூடாது. பிறவற்றில், கீழ்ச்சரிவில் பயிர் செய்பவர்களை ஊரிலேயே கூட்டிக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். பணம் வாங்குமுன் நீர்வடியும் துளைகளுடன் கல்சுவர், வடிகால், வெட்டிவேர் அல்லது குவாட்டமாலா புல் வரிசை ஆகியவற்றை மீறியவரே அமைத்து, ஒரு பருவமழையில் அவை நிலைத்து நிற்கக் காட்ட வேண்டும்.

விவசாயிகளுக்கும் கடமை உண்டு. பசுந்தேயிலை விலை சரியும்போது வயலை மண்ணிட்டு மூடி மனையாக விற்பவர், பக்கத்து வயலின் தண்ணீரையும் சேர்த்தே விற்கிறார். அதற்கு எந்த ரசீதும் ஈடாகாது.