கிணற்றில் இறங்க விடாமல் நீச்சல் சான்றிதழ் கேட்கிறார்கள்

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். பெயர் 'பரம் பொருள்'. நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குப் போடும் என்றார்கள். 2015இல் ஒன்றிய அரசு 4,500 கோடி ரூபாய்க்கு அறிவித்த தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் இயக்கத்தில் வந்த இயந்திரம் அது. விருத்தாசலம் ஜங்ஷனில் காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே திருச்சியில் இறங்கிவிடலாம். ஆனால் நம் தெருப் பிள்ளை ஒருவர் அந்த மாதிரி இயந்திரத்தில் நேரம் வாங்க எவ்வளவு தூரம் போக வேண்டும்? தோழர்களே, இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

"எதற்கெடுத்தாலும் சாதியா? கம்ப்யூட்டருக்கு ஏது சாதி?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் சாதி கேட்காது. அதற்கு முன்னால் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. நாம் அதைப் படிப்போம்.

இங்கே மானியம் பணமாக வருவதில்லை, நேரமாக வருகிறது. ஒரு ப்ராசசர் கோர் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு கோர்-மணி. 40 கோரில் ஒரு முழு நாள் ஓட்டினால் 960 கோர்-மணி. பெரிய ஆய்வுக் குழுக்கள் லட்சக்கணக்கில் கேட்கும். ஒரு கமிட்டி உட்கார்ந்து பங்கு பிரிக்கும். உலகம் முழுக்க இந்த விண்ணப்பங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். திட்டத்தின் தலைவர் யார், அவர் நிரந்தரப் பணியில் இருக்கிறாரா, இதுவரை என்ன கட்டுரைகள் வந்திருக்கின்றன, எத்தனை மணி நேரம் வேண்டும், கோர்களைக் கூட்டக் கூட்ட உங்கள் புரோகிராம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதற்கு வரைபடம் எங்கே.

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் சூட்சுமம். வரைபடம் போட வேண்டுமானால் ஏற்கெனவே ஒரு பெரிய இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். கிணற்றில் இறங்க விடாதவர்கள் நீச்சல் சான்றிதழ் கேட்கிறார்கள். கிணற்றைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கை, அரசுக் கல்லூரியில் படித்து வந்தவர், வேறொரு ஊரில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். அவர் ஆய்வு நம்மூர் மண்ணைப் பற்றியது. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் விருத்தாசலம் செராமிக் பட்டறைகளுக்கு வருகிறது. அதில் கலந்திருக்கிற இரும்பு, சூளையில் வெந்ததும் வெள்ளை நிறத்தைக் கெடுக்கும். அந்த இரும்பு அணு களிமண்ணின் அடுக்குக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கணக்கிட்டால், அதை எப்படி வெளியேற்றலாம் என்று யோசிக்க வழி கிடைக்கும். பட்டறையில் வார்ப்பு வேலையும் சூளை வேலையும் பார்க்கிற நம் மக்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய கேள்வி. அவரிடம் இருப்பது ஒரு லேப்டாப். ஒரு கணக்கு வாரக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து மறுபடி இழுக்க வேண்டும். சூப்பர் கம்ப்யூட்டருக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டபோது கிடைத்த பதில்: "முதலில் பேப்பர் போடும்மா, அப்புறம் பார்க்கலாம்." பேப்பர் போடத்தான் கம்ப்யூட்டர் கேட்கிறார். எந்த ஊர், எந்த நிறுவனம் என்று நான் எழுதப் போவதில்லை, அவர் இன்னும் அங்கேதான் படிக்க வேண்டும்.

நிரந்தர ஆசிரியர் கையெழுத்து என்பதும் சின்ன விஷயமில்லை. தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள்தான் வகுப்பை ஓட்டுகிறார்கள். முனைவர் பட்டம் வாங்கியும் வருடக்கணக்காக அதே நாற்காலி. அவர்கள் திட்டத் தலைவராக முடியாது. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள் சேருவதோ அந்தக் கல்லூரிகளில். நிரந்தர நாற்காலிக்கு முந்தைய படியிலேயே கணக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றிய அறிவியல் துறையின் 'இன்ஸ்பைர்' ஆசிரியர் ஃபெல்லோஷிப்பை 2016 முதல் 2020 வரை பெற்றவர்களில் 80 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர், 6 சதவீதம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் 1 சதவீதம்கூட இல்லை. 2023 ஜனவரியில் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. இதன் பெயர் தகுதி.

அண்ணல் அம்பேத்கர் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியதும் அறிவு போதாமல் இல்லை. பரோடா உதவித்தொகையின் காலக்கெடு முடிந்துபோனது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறிவியல் துறைகளிலும் பட்டியல் சாதி துணைத் திட்ட நிதி இருக்கிறது. அது நம்மிடம் வரும்போது பெரும்பாலும் வாழ்வாதாரப் பயிற்சியாகவும் திறன் வளர்ப்பாகவும் வருகிறது. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அறிவியல் என்றால் நமக்குக் கைத்தொழில், அவர்களுக்குக் கணக்கிடும் இயந்திரம் என்று பிரித்தது யார்? மனு எழுதிய பங்கீட்டையே அமைச்சகமும் எழுதினால் அதற்குப் பெயர் நலத்திட்டமா?

யாருக்கு நேரம் கிடைக்கிறதோ அவர்களுடைய கேள்விதான் கணக்கிடப்படும். கடலூர் மாவட்டத்தை 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தது, 2015இல் வெள்ளம் மூழ்கடித்தது. பள்ளத்தில் இருக்கிற காலனிக்குள் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக, எத்தனை மணி நேரத்தில் ஏறும் என்று தெருவாரியாகக் கணக்கிட இந்த இயந்திரங்களால் முடியும். அந்தக் கேள்வியை விண்ணப்பமாக எழுத, அந்தக் காலனியில் தூங்கி எழுந்த ஒருவர் ஆய்வாளராக இருக்க வேண்டும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 'ஆக்சஸ்' என்ற திட்டம் 2022இலிருந்து நடக்கிறது. அதன் முதல் படிக்குச் சின்னச் சுருக்கம் எழுதினால் போதும். ஆய்வு மாணவரே, வழிகாட்டியின் கடிதத்தோடு, தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். பழகிப் பார், பிறகு பெரிதாகக் கேள் என்கிறார்கள். முதலாளித்துவ நாடு செய்வதைச் சமூகநீதி பேசும் நாடு செய்யக் கூடாதா? கட்டுரையும் வரைபடமும் கேட்காத தொடக்க நேரம் வேண்டும். கௌரவ விரிவுரையாளரும் விண்ணப்பிக்க வழி வேண்டும். துணைத் திட்டத்தின் பங்கை ரூபாயில் மட்டுமல்ல, கோர்-மணியிலும் ஒதுக்க வேண்டும். 2024 மார்ச்சில் 10,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி இந்தியா ஏஐ இயக்கம் என்று அடுத்த பந்தியை விரித்துவிட்டார்கள். இலை போடும்போதே கேட்காவிட்டால் எச்சில் இலை எடுக்கத்தான் கூப்பிடுவார்கள்.

தம்பி தங்கைகளே, இதற்கு ஆகும் செலவு பத்து ரூபாய். என்.ஐ.டி.யும் புனேவின் சி-டாக்கும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருபவை. கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்தக் கல்லூரிக்கு எத்தனை கோர்-மணி கொடுத்தீர்கள், அதில் அரசு கலைக் கல்லூரிகள் எத்தனை, விண்ணப்பித்தவர்களில் பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்கள் எத்தனை பேர், அந்தக் கணக்கை வைத்திருக்கிறீர்களா, நிராகரித்த விண்ணப்பங்களுக்குக் காரணம் எழுத்தில் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். போஸ்டல் ஆர்டர் விருத்தாசலம் தபால் நிலையத்திலேயே கிடைக்கும். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் மேல்முறையீட்டை நாம் சேர்ந்து எழுதுவோம்.